கடைசி ஆளாகக் காத்திருக்கும் உழவு: முதல் டிராக்டர் வாங்கப் போகிறவர்களுக்கு

ஆடிப் பட்டத்துக்கு ஒரு நல்ல மழை. தளி, கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை, சூளகிரிப் பக்கம் மானாவாரியில் கேழ்வரகு போட அந்த ஒரு மழையைத்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். செம்மண்ணில் ஈரம் நாலைந்து நாள் நிற்கும். அதற்குள் உழுது விதைத்துவிட வேண்டும். ஊரில் டிராக்டர் வைத்திருப்பவர் முதலில் தன் காட்டை உழுவார். அடுத்து பங்காளி, சம்பந்தி. அதற்கடுத்து பத்து ஏக்கர் உள்ளவர், ஏனென்றால் ஒரே இடத்தில் நின்று நாள் முழுக்க ஓட்டலாம். காலனிக்காரரின் ஒன்றரை ஏக்கருக்கு வரும்போது மண் காய்ந்து கொத்து இறங்காது. "நாளைக்கு வர்றேன்பா" என்ற பதிலைக் கேட்காத தலித் விவசாயி இந்த மாவட்டத்தில் இருப்பாரா என்பது சந்தேகம்தான். ('காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டப்பேரவையில் முதல்வர் அறிவித்தார். உழவுக்கு வரிசை போடும்போது அந்தச் சொல் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.)

இதை வெறும் வாடகைப் பிரச்சினை என்று நாம் பார்க்கவில்லை. உழவு முன்பின் ஆனால் விளைச்சல் குறைகிறது. வரிசையில் கொஞ்சம் முன்னே வர வேண்டுமானால் டிராக்டர்காரர் வீட்டுக் களைக்கும் அறுப்புக்கும் கூப்பிட்டபோது போயாக வேண்டும். ரூபாயில் வாடகையும் கொடுத்து, கணக்கில் வராத இரண்டு மூன்று நாள் உழைப்பையும் கொடுப்பது இன்னும் பல ஊர்களில் நடக்கிறது. அதனால்தான் சிப்காட்டில் மகனுக்கோ மகளுக்கோ வேலை கிடைத்து, கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும், பல குடும்பங்கள் வீட்டுக்குத் தளம் போடுவதற்கு முன்பே ஒரு பழைய டிராக்டர் பார்க்கலாமா என்று யோசிக்கின்றன. சரியான யோசனைதான். ஆனால் அவசரத்தில் வாங்கிய பழைய டிராக்டர், நிலத்தையே விற்க வைத்துவிடும். இந்த வாரம் அதைப் பற்றிப் பேசுவோம்.

நிலம் மட்டும் கிடைத்தால் போதாது, உழுவதற்கான வழியும் வேண்டும் என்பது நமக்குப் புதிய பாடமில்லை. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் கொடுத்த அறிக்கையை ஒட்டி, 1892 செப்டம்பர் 30-ல் சென்னை மாகாண அரசு ஆணை பிறப்பித்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதன் வழியே வந்தது. மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். அப்போது ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேலம் மாவட்டத்தில் இருந்தன. நிலம் வந்தது, மாடும் ஏரும் விதையும் கூட வரவில்லை. ஏருக்காகவும் விதைக்காகவும் கைநீட்டியவர்களிடமே நிலம் அடமானமாகப் போய்ச் சேர்ந்த கதை ஒவ்வொரு வட்டத்திலும் உண்டு, சட்டப்படி அப்படிக் கைமாறக் கூடாது என்று நிபந்தனை இருந்தும். 1947-ல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற அறிக்கையில் அம்பேத்கர் இதை வேறு விதமாகவே வைத்தார். நிலத்தை அரசு எடுத்துக் கூட்டுப் பண்ணையாக்க வேண்டும். தண்ணீர், உழவு மாடு, கருவி, எரு, விதை ஆகியவற்றுக்கும் அரசே முதல் போட வேண்டும் என்றார். அது நடக்கவில்லை. இன்று ஏரின் இடத்தில் டிராக்டர் நிற்கிறது. அதற்கான முதலை நாமே தேட வேண்டியிருக்கிறது.

முதலில் பாதை, பிறகு வண்டி

எந்தக் கம்பெனி, எத்தனை எச்.பி. என்று கேட்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. டிராக்டர் உங்கள் நிலத்துக்குள் போக வழி இருக்கிறதா என்று நடந்து பாருங்கள். காலனி மக்களின் நிலம் பெரும்பாலும் ஓடை ஓரத்திலோ, கரட்டை ஒட்டியோ, மற்றவர்களின் பட்டாவுக்குப் பின்னாலோ இருக்கும். ஏர் மாட்டை வரப்பு மேல் ஓட்டிப் போனபோது யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். வாடகை டிராக்டர் வந்தபோதும் சொல்லியிருக்க மாட்டார்கள், அது அவர்கள் ஊர்க்காரருடையது. அதே வழியில் உங்கள் சொந்த டிராக்டர் வரும் முதல் நாள் "இது எங்க பட்டா" என்று கல்லைப் போடுவார்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் புல வரைபடத்தை வாங்கி, வண்டிப் பாதை அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த நகலைப் பத்திரமாக வையுங்கள். பாதை இல்லாவிட்டால் வாங்குவதற்கு முன்பே பேசி, எழுத்தில் ஒரு ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. பட்டியல் சாதியினர் தம் நிலத்தை அனுபவிக்கும் உரிமையில் குறுக்கிடுவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். 2015-ல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள பிரிவுகளில் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பும் குற்றமாகச் சேர்ந்திருக்கிறது. சட்டம் பக்கத்தில் நிற்கிறது, உண்மை. ஆனால் ஈரம் நாலு நாள்தான். வழக்கு நாலு வருஷம் போகும். பாதையைப் பார்த்த பிறகுதான் வண்டி.

உங்கள் நிலத்துக்கு மட்டும் கட்டுமா?

ஒரு கணக்குப் போடலாம். எண்கள் எல்லாம் உதாரணத்துக்குத்தான். உங்கள் ஊர் நிலவரத்தை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். பழைய டிராக்டர் 3 லட்சம் ரூபாய் என்று வையுங்கள். ஐந்து வருஷம் ஓட்டி ஒன்றரை லட்சத்துக்கு விற்கிறீர்கள். வருஷத்துக்கு 30 ஆயிரம் தேய்மானம். 2 லட்சம் கடன் என்றால் முதல் வருஷ வட்டி 20 ஆயிரத்துக்கு மேல். டயர், பேட்டரி, ஆயில், இன்சூரன்ஸ், சின்னச் சின்ன ரிப்பேர் எல்லாம் சேர்த்து இன்னொரு 30 ஆயிரம். டீசல் ஊற்றுவதற்கு முன்பே வருஷம் 80 ஆயிரம் ஆகிவிட்டது.

மூன்று ஏக்கர், இரண்டு பட்டம், பட்டத்துக்கு ஏக்கருக்கு நாலு மணி நேரம் என்றால் மொத்தம் 24 மணி நேரம். வாடகை மணிக்கு ஆயிரம் என்று வைத்தால் நீங்கள் இப்போது கொடுப்பது 24 ஆயிரம் ரூபாய்தான். மணிக்கு 400 ரூபாய் டீசல் போக, சொந்த வண்டியில் மிச்சமாவது 14 ஆயிரத்துச் சொச்சம். 80 ஆயிரத்தை எட்ட வேண்டுமானால் வெளி ஆட்களின் நிலத்தில் இன்னும் சுமார் 110 மணி நேரம் ஓட்டியாக வேண்டும்.

ஆக, இரண்டு மூன்று ஏக்கர் உள்ள குடும்பம் டிராக்டர் வாங்குவது தன் நிலத்துக்காக மட்டும் அல்ல. அது ஒரு வாடகைத் தொழிலில் இறங்குவது. ஓட்ட ஆள் இருக்கிறாரா, காலனியில் மொத்தம் எத்தனை ஏக்கர் இருக்கிறது, அவர்கள் எல்லோரும் உங்களிடம் வருவார்களா என்று விசாரித்துவிட்டுத்தான் முன்பணம் கொடுக்க வேண்டும். காலனியில் மட்டும் 30, 40 ஏக்கர் சாகுபடி இருந்தால் 110 மணி நேரம் பெரிய விஷயமில்லை. எட்டு ஏக்கர்தான் இருக்கிறது என்றால், வேளாண் பொறியியல் துறையின் இ-வாடகை மூலம் வாடகைக்கு எடுப்பதே மேல். அங்கே டிராக்டருக்கு மணிக்கு 500 ரூபாய். உழவன் செயலியில் பதிவு செய்யலாம். சீசனில் எல்லோரும் பதிவு செய்வதால் அங்கேயும் காத்திருக்க வேண்டியிருக்கும். ஆனால் அந்த வரிசையில் சாதி இல்லை. முன்கூட்டியே பதிவு செய்தவர் முன்னால் நிற்பார்.

ஊர்த் தெருவிலிருந்தும் உழவுக்குக் கூப்பிடுவார்களா? கூப்பிடுவார்கள். ஈரம் காய்ந்துகொண்டிருக்கும்போது வண்டி யாருடையது என்று பார்க்க யாருக்கும் நேரமிருக்காது. சிக்கல் பணம் வாங்குவதில்தான் வரும். "அறுப்புக்கு அப்புறம் வாங்கிக்கோ" என்பதும், கேட்டுப் போனால் வாசலிலேயே நிற்க வைப்பதும் சிறிய தொகையைக்கூடப் பாக்கியாக்கிவிடும். மணிக்கு எவ்வளவு என்று முதலிலேயே சொல்லிவிட்டு, உழுது முடித்ததும் அங்கேயே செல்போனில் வாங்கிக்கொள்வது என்ற பழக்கத்தை முதல் நாளிலிருந்தே பிடியுங்கள். முதல் சீசனில் விட்டுக்கொடுத்தால் பிறகு மாற்ற முடியாது.

இன்னொன்றும் உண்டு. சிப்காட் சம்பளத்தை நம்பித் தவணை கட்டும் திட்டம். ஓசூரிலும் சூளகிரியிலும் பர்கூரிலும் போச்சம்பள்ளியிலும் நம் பிள்ளைகள் பார்ப்பது பெரும்பாலும் ஒப்பந்த வேலை. ஆர்டர் குறைந்தால் முதலில் வெளியே வருபவர்கள் அவர்கள்தான். அந்தச் சம்பளத்தை முன்பணத்துக்கு வையுங்கள். மாதத் தவணைக்கு வண்டி சம்பாதிக்க வேண்டும்.

பெரிய வண்டியா, மினியா?

ஓசூரைச் சுற்றி ரோஜா, முட்டைக்கோஸ், குடைமிளகாய். சூளகிரி, ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி, கொத்தமல்லி, புதினா. பாத்தியும் வரிசையுமாக இருக்கும் இந்த நிலங்களுக்கு மினி டிராக்டர் அழகாகப் பொருந்தும். மாட்டு வண்டித் தடத்திலேயே போய்விடும், மாந்தோப்பில் கிளைக்கு அடியில் நுழையும். ஓசூரிலேயே தயாராகும் வி.எஸ்.டி.யின் 18.5 எச்.பி. மினி டிராக்டர் இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்தது. ஜப்பானிய மிட்சுபிஷி கம்பெனியோடு கூட்டு இருந்ததால் 'மிட்சுபிஷி சக்தி' என்றே இன்னும் பலர் சொல்கிறார்கள். உதிரி பாகமும் மெக்கானிக்கும் பக்கத்தில் கிடைப்பது பெரிய வசதி.

ஆனால் மேலே போட்ட 110 மணி நேரக் கணக்கை மறக்க வேண்டாம். மானாவாரிக் கேழ்வரகுக் காட்டில், கல் கலந்த செம்மண்ணில், ஒன்பது கொத்துக் கலப்பையை மினி இழுக்காது. லோடு ஏற்றிய டிரெய்லரும் சிரமம். வாடகைக்கு ஓட்டுவதுதான் நோக்கம் என்றால் 35 முதல் 42 எச்.பி. வரை உள்ள, எல்லோர் வீட்டிலும் இருக்கும் மாடலைத்தான் பார்க்க வேண்டும். மகிந்திரா 275, மாஸே 1035, மாஸே 241, ஸ்வராஜ் 735 போன்றவை. இவற்றில் எது நல்லது என்று டீக்கடையில் நடக்கும் சண்டைக்கு நாம் வரவில்லை. உங்கள் ஊரிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள் எந்த வண்டிக்கு மெக்கானிக் இருக்கிறாரோ அதுதான் நல்ல வண்டி. அபூர்வமான மாடல் 50 ஆயிரம் குறைவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால், ஒரு சீல் உடைந்து நாலு நாள் பெங்களூருக்கு அலையும்போது அந்த ஈரம் போய்விடும். 50 எச்.பி.க்கு மேல் போகவே வேண்டாம்; டீசலும் டயரும் உங்கள் ஏக்கருக்கு ஒத்துவராது.

வண்டி எங்கே உழைத்தது?

பழைய டிராக்டரின் வயதைவிட அது எங்கே உழைத்தது என்பதுதான் முக்கியம். ஹவர் மீட்டரை நம்ப வேண்டாம்; கேபிளைக் கழற்றிவிட்டாலே நின்றுவிடும். கிளட்ச், பிரேக் பெடல்களின் தேய்மானத்தையும் ஸ்டீயரிங் பளபளப்பையும் பாருங்கள், அவை பொய் சொல்லாது.

நம் பகுதியில் பழைய டிராக்டர் மூன்று விதமான வாழ்க்கையிலிருந்து வருகிறது. ஒன்று தண்ணீர் டேங்கர். ஓசூர் லேஅவுட்டுகளுக்கும் அத்திப்பள்ளி, சந்தாபுரா அடுக்குமாடிகளுக்கும் வருஷம் முழுக்கத் தண்ணீர் இழுத்த வண்டி. பெயின்ட் அடித்து நிறுத்தியிருப்பார்கள், பார்க்க நன்றாக இருக்கும். பின் டயர் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து வழுவழுப்பாக இருக்கும். டிரெய்லர் கொக்கி மாட்டும் இடம் ஓட்டை பெரிதாகி ஆடும். கிளட்சும் கியர்பாக்ஸும் களைத்திருக்கும். லிஃப்ட் கைகளில் மட்டும் பெயின்ட் உரியாமல் இருக்கும், ஏனென்றால் அது கலப்பை தூக்கியதே இல்லை. செங்கல் சூளை, கல் குவாரி வண்டிகளும் இதே ரகம். கூடுதலாக முன் ஆக்சில் வளைந்திருக்கிறதா என்று தரையில் உட்கார்ந்து பாருங்கள்.

இரண்டாவது, கிருஷ்ணகிரி அணைப் பாசனத்தில் காவேரிப்பட்டணம் பக்கம் சேற்று உழவு செய்தது. இரும்புச் சக்கரம் மாட்டிச் சேற்றில் இறங்கிய வண்டியில் பின் ஆக்சில் சீல்களில் ஆயில் கசியும், கால் வைக்கும் தகட்டுக்கு அடியில் துரு தின்றிருக்கும். விலை குறைத்தால் பார்க்கலாம்.

மூன்றாவதுதான் நாம் தேட வேண்டியது. நிலம் லேஅவுட்டாகவோ தொழிற்சாலைக்காகவோ போய்விட்டதால் வேலையில்லாமல் வீட்டு வாசலில் நிற்கும் விவசாயியின் டிராக்டர். ஓசூரைச் சுற்றியும், எல்லைக்கு அந்தப் பக்கம் ஆனேக்கல், மாலூர் வரையும் இப்படி நிறைய இருக்கிறது. ஒரே ஓனர், மேட்டு நில உழவு, மழைக்குத் தார்ப்பாய் மூடி வைத்தது. புரோக்கரிடம் இது வருவதற்கு முன்பே உறவுக்காரர்கள் மூலம் கேட்டு வையுங்கள்.

பார்க்கப் போகும்போது காலையில் சீக்கிரம் போங்கள், சொல்லாமல் போனால் இன்னும் நல்லது. பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். டீ குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வருகிறோம் என்று சொல்லுங்கள். குளிர்ந்த இன்ஜின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது என்பதில்தான் பாதி ஜாதகம் தெரியும். முதலில் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து நின்றால் பரவாயில்லை. நீலப் புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது, ரிங் தேய்ந்துவிட்டது. இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து மேலே உள்ளங்கையை வையுங்கள். புகையோடு காற்று தள்ளினால் போர் வேலை காத்திருக்கிறது. ஆயில் கம்பியை உருவிப் பார்க்கும்போது ஆயில் பால் கலந்த மாதிரி இருந்தால் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள். தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது.

கலப்பையையோ ரோட்டவேட்டரையோ மாட்டித் தூக்கச் சொல்லி, இன்ஜினை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் பேசிக்கொண்டிருங்கள். அது மெல்லத் தரைக்கு இறங்கிவிட்டால் ஹைட்ராலிக் வேலை உண்டு. பி.டி.ஓ.வைச் சுற்றவிட்டுப் பாருங்கள். ரோட்டில் ஓட்டிக் காட்டினால் போதாது; பக்கத்துக் காட்டில் கொத்தை ஆழமாக இறக்கி இரண்டு சால் ஓட்டச் சொல்லுங்கள். லோடு ஏறும்போது கியர் தானாக விழுகிறதா, கரும்புகை தள்ளுகிறதா, பிரேக் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பிடிக்கிறதா என்பது அங்கேதான் தெரியும். உழுது காட்ட மாட்டேன் என்பவரிடம் விலை பேச வேண்டியதில்லை.

இதற்கெல்லாம் மெக்கானிக்கைக் கூட்டிப் போக வேண்டும், ஆனால் விற்பவரோ புரோக்கரோ கூட்டி வரும் மெக்கானிக் வேண்டாம். நம் தெருக்களிலேயே ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்துவிட்டு வண்டித் தொழிற்சாலைகளில் இன்ஜினோடு வேலை பார்க்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு நாள் லீவு போடச் சொல்லிக் கூட்டிப் போங்கள். "என்ன மாமா, எனக்கு டிராக்டர் தெரியாதே" என்பார்கள். புகையின் நிறம் அவர்களுக்குத் தெரியும்.

விலை பேசும்போது ஒரு விஷயம் கையில் இருக்கட்டும். 2025 செப்டம்பர் 22 முதல் புது டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகவும், டிராக்டர் டயர், உதிரி பாகங்களுக்கு 18-லிருந்து 5 ஆகவும் குறைந்தது. புதிது குறைந்தால் பழையதும் குறைய வேண்டும். அதற்கு முந்தைய விலையை வைத்துப் பேசும் புரோக்கரிடம் இதைச் சொல்லலாம். டயர் வழுக்கையாக இருந்தால் ஒரு ஜோடிப் பின் டயரின் விலையைக் கடையில் கேட்டுக்கொண்டு போய் அதையும் கழியுங்கள்.

காகிதம் இல்லாத வண்டி இரும்பு விலைக்கும் வேண்டாம்

நம் ஆட்கள் ஏமாறுவது இன்ஜினில் அல்ல, காகிதத்தில். "ஃபார்ம் 29, 30-ல கையெழுத்து வாங்கித் தர்றேன், எப்ப வேணா மாத்திக்கலாம்" என்பது எல்லைப் பகுதியில் ரொம்பச் சாதாரணமான பேச்சு. அந்த வண்டி மூன்று கை மாறியிருக்கும், ஆர்.சி.யில் இருப்பவர் எங்கே என்றே தெரியாது. பதிவேட்டில் யார் பெயரோ அவரே உரிமையாளர். விபத்து இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. உங்கள் பணத்தில் வாங்கிய வண்டி சட்டத்தின் கண்ணில் வேறொருவருடையது என்றால், அவர் கடன் கட்டாவிட்டால் உங்கள் வாசலிலிருந்துதான் இழுத்துப் போவார்கள்.

ஆகவே ஆர்.சி.யில் உள்ள நபரை நேரில் பாருங்கள். சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் வண்டியிலிருந்தே படித்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள், அந்த இடத்தில் தேய்த்த தடமோ புதுப் பெயின்ட்டோ இருந்தால் விட்டுவிடுங்கள். எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் ஹைப்பாதிகேஷன், அதாவது கடன் கொடுத்தவர் பெயர், இன்னும் இருக்கிறதா என்று தெரியும். இருந்தால் ஃபார்ம் 35-ம் கடன் முடிந்த கடிதமும் வாங்கி, அது நீங்கிய பிறகுதான் முழுப் பணம். டிராக்டருக்குப் பதிவு 15 வருஷம். அதற்கு மேல் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். 15 வருஷம் தாண்டிய வண்டி என்றால் புதுப்பித்திருக்கிறார்களா என்று கேளுங்கள், இல்லையென்றால் அந்தச் செலவு விற்பவருடையது. டிரெய்லருக்குத் தனிப் பதிவு உண்டு. "அது சும்மா சேர்த்துத் தர்றேன்" என்றால் அதற்கும் காகிதம் கேளுங்கள்.

கே.ஏ. பதிவு வண்டிக்கு இன்னும் ஒரு படி. அங்குள்ள ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஃபார்ம் 28-ல் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ புதுப் பதிவு எண் வாங்க வேண்டும். வேறு மாநில வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு கட்டாயம். "பார்டர்தானே, யார் கேட்கப் போறாங்க" என்பார்கள். மற்றவர்களைக் கேட்காமல் விடலாம். சோதனையில் நிறுத்தினால் பெயருக்கு முன்னே எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்கப்படும் நம்மிடம் காகிதம் சரியாக இருந்தாக வேண்டும். அந்தச் சான்று கைக்கு வரும்வரை விலையில் கணிசமான பகுதியை நிறுத்தி வையுங்கள். அதை ஒப்பந்தத்திலும் எழுதுங்கள்.

கடன் எங்கே வாங்குவது?

மானியம் பழைய டிராக்டருக்குக் கிடையாது. வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் பட்டியல் சாதியினர், சிறு குறு விவசாயிகள், பெண்களுக்கு 50 சதவீதம் வரை மானியம். தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர், பழங்குடிச் சிறு குறு விவசாயிகளுக்கு அதற்கு மேல் 20 சதவீதம் மாநில அரசு சேர்க்கிறது. எல்லாம் புதுக் கருவிக்குத்தான். எனவே ஒரு வழி இருக்கிறது: டிராக்டரைப் பழையதாகவும், ரோட்டவேட்டர் போன்ற கருவியை மானியத்தில் புதியதாகவும் வாங்குவது. வாடகைக்கு ஓட்டுவோருக்கு வருமானம் தருவது கருவிதான்.

புது டிராக்டரே வாங்க முடியுமா என்றும் ஒரு முறை கேட்டுவிடுங்கள். தாட்கோ வழியாக நடக்கும் முதலமைச்சரின் தொழில் முன்னேற்றத் திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் மூன்றரை லட்சம் ரூபாய் மானியமும் 6 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. பழைய வண்டிக்கு நாலு லட்சம் கேட்கிறார்கள் என்றால், இதை விசாரிக்காமல் கொடுப்பது வீண். வங்கி மேலாளர் தட்டிக்கழித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடிதத்தோடு மாவட்டத் தாட்கோ மேலாளரையும் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரையும் பார்க்கலாம்.

2025 ஜனவரி 1 முதல் விவசாயக் கடனில் 2 லட்சம் ரூபாய் வரை பிணை கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி உயர்த்தியிருக்கிறது. அதற்கு முன் 1 லட்சத்து 60 ஆயிரம். பழைய வண்டி வாங்கும் குடும்பத்துக்கு இது பெரிய தொகை. தனியார் ஃபைனான்ஸில் வெற்றுக் காசோலையும் நிலப் பத்திரமும் கொடுத்துக் கையெழுத்துப் போடுவதற்கு முன் வங்கிக்கும் தொடக்க வேளாண் கூட்டுறவுச் சங்கத்துக்கும் போய்க் கேளுங்கள். நிலப் பத்திரத்தை மட்டும் எந்த நிலையிலும் தனியாரிடம் கொடுக்க வேண்டாம். 1892-ல் கிடைத்த நிலம் போனதும் அந்த வழியில்தான்.

அண்ணன் தம்பி மூன்று பேர் சேர்ந்து வாங்குவதும் நடக்கிறது. யார் எவ்வளவு போட்டார்கள், யார் ஓட்டுகிறார், மழை பெய்தால் யார் நிலம் முதலில் என்பதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டால் பங்காளிச் சண்டை வராது. ஊர்க்காரர் வரிசையிலிருந்து தப்பித்து வீட்டுக்குள்ளேயே ஒரு வரிசை போட்டுக்கொள்வதில் பயனில்லை. ஆர்.சி. மனைவி பெயரிலோ மகள் பெயரிலோ இருப்பதையும் யோசியுங்கள். நிலம் பெரும்பாலும் ஆண்கள் பெயரில் இருக்கும் குடும்பத்தில் வண்டியாவது அவர்களுடையதாக இருக்கட்டும்.

வண்டி வீட்டுக்கு வந்ததும் ஆயில், ஃபில்டர், கூலன்ட் மூன்றையும் மாற்றிவிடுங்கள், விற்பவர் நேற்றுத்தான் மாற்றினேன் என்று சொன்னாலும். வாங்கிய 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாற்றத்துக்குக் கொடுக்க வேண்டும். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள். ஓட்டுபவருக்கு எல்.எம்.வி. லைசென்ஸ் போதும், ஆனால் அது இருந்தாக வேண்டும். விவசாயப் பயன்பாட்டுக்கு எடுத்த இன்சூரன்ஸை வைத்துக்கொண்டு வாடகைக்குச் செங்கல் அடித்தால், விபத்து நடக்கும் அன்று கம்பெனி கைவிரிக்கும். மட்கார்டு மேல் உட்கார்ந்து வரும் பிள்ளைகளுக்கும், டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போகும் கூலிப் பெண்களுக்கும் அந்தப் பாலிசியில் இடமே கிடையாது. அறுப்புக் காலத்தில் அவர்களை வேனில் அனுப்புங்கள்.